சோதனை வருவதற்கு முன்னால்: ஆவிக்குரிய பலவீனத்திலிருந்து காத்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

வாலிபர் கூட்டத்தில் கேள்வி நேரம் என்று வைத்தால், ஏதாவது ஒரு துண்டுச் சீட்டில் இந்தக் கேள்வி கட்டாயம் இருக்கும்: "சோதனை வரும்போது எப்படி ஜெயிப்பது?" பதிலும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஜெபம் பண்ணுங்கள், வேதம் வாசியுங்கள், ஆவியானவரிடம் பெலன் கேளுங்கள். பதிலில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் கேட்டவர் சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கையில் போனோடு உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பதில் அவர் காதில் ஏறுவதில்லை. அந்த நேரத்தில் ஆரம்பிக்கிற போராட்டத்தில் பெரும்பாலும் தோல்வி பாதி முடிந்தே போயிருக்கும்.

சோதனை என்கிற இந்தப் பாவ இழுப்பைப் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு ஒரு வரிசையாகவே எழுதி வைத்திருக்கிறார். "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான். பின்பு இச்சையானது கர்ப்பந்தரித்து, பாவத்தைப் பிறப்பிக்கும்" (யாக்கோபு 1:14, 15). முதலில் இழுப்பு, அப்புறம் சிக்கல், அப்புறம் கர்ப்பம், அதற்கும் பிறகுதான் பிறப்பு. "விழுந்துவிட்டேன்" என்று நாம் அழுவது அந்தக் கடைசிக் கட்டத்துக்காக. முந்தின கட்டங்களில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யாரும் கேட்பதில்லை, நாமும் யோசிப்பதில்லை. வெள்ளம் வருமுன் அணை போடு என்பது இங்கேயும் பொருந்தும். ஆகவே இந்த வழிகாட்டி அந்த நிமிடத்திலிருந்து தொடங்காமல், அதற்குப் பல நாள் முன்னாலிருந்து தொடங்குகிறது. அவசரத்தில் இருப்பவர்கள் நேரே ஏழாம் படிக்குப் போகலாம். ஆனால் மூச்சு வாங்கிய பிறகு முதல் படிக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.

படி 1: உங்கள் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

நாலாம் நூற்றாண்டில் எவாகிரியுஸ் என்று ஒரு துறவி இருந்தார். பெந்தெகொஸ்தே நாளன்று எருசலேமில் கூடியிருந்தவர்களின் பட்டியலில் வருகிற பொந்து நாட்டுக்காரர். கான்ஸ்டான்டிநோபிள் சபையில் நல்ல பேச்சாளர், வளர்ந்துவரும் ஊழியர். அங்கே இன்னொருவருடைய மனைவிமேல் மனம் போய்விட்டது. விஷயம் முற்றுவதற்குள், ஒரு கனவில் எச்சரிக்கப்பட்டு ஊரைவிட்டே கிளம்பி எருசலேமுக்குப் போனார். அங்கிருந்து எகிப்தின் பாலைவனத்துக்குப் போய், 399-இல் இறக்கும்வரை அங்கேயே தங்கிவிட்டார்.

பாலைவனத்தில் பெண்களும் இல்லை, பதவியும் இல்லை, விருந்தும் இல்லை. ஆனாலும் எண்ணங்கள் கூடவே வந்து சேர்ந்தன. அவற்றை அவர் எட்டு வகையாகப் பிரித்தார்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துக்கம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, அகந்தை. கத்தோலிக்கர் சொல்லும் "தலையான பாவங்கள் ஏழு" என்ற பட்டியல் இதிலிருந்து கிளைத்ததுதான். அவருடைய சில இறையியல் கருத்துகளைத் திருச்சபை பிற்பாடு தள்ளிவிட்டது. ஆனால் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதில் அவர் சொன்னதை யாரும் தள்ளவில்லை.

அவர் சொன்ன முதல் வேலை கவனிப்பது. எந்த எண்ணம் எந்த நேரத்தில் வருகிறது, எது எதற்குப் பின்னால் வருகிறது, எப்போது வேகம் கூடுகிறது, எப்போது குறைகிறது என்று பார்க்கச் சொன்னார். சலிப்பு என்ற எண்ணத்துக்கு அவர் மணி நேரமே குறித்திருக்கிறார்: நம் கணக்கில் காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு வரை. சூரியன் நகராமலே நிற்பதுபோல் தோன்றுமாம், பகல் ஐம்பது மணி நேரமாக நீண்டுவிடுமாம். துறவி சன்னலை எட்டி எட்டிப் பார்ப்பார், சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே வந்து சூரியனை அளப்பார். அப்புறம் இந்த இடமே பிடிக்காது, இந்த வேலை பிடிக்காது, இங்கே யாருக்கும் அன்பே இல்லை, வேறு ஊருக்குப் போனால் கர்த்தரை இன்னும் நன்றாகச் சேவிக்கலாம் என்று தோன்றும். அலுவலகத்தில் மதியம் வேலை மாற்றத்துக்கான விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் போதும். இழுப்பு வந்தபோதெல்லாம், விழுந்தாலும் விழாவிட்டாலும், ஐந்து விஷயம் எழுதுங்கள்: நேரம், இடம், அதற்கு முன் நடந்தது, உடம்பின் நிலை, மனதில் ஓடிய வாக்கியம். யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் பாவத்தின் பெயரை எழுதாமல் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு குறிப்பு இப்படி இருக்கலாம்:

"செவ்வாய், இரவு 11.40. மாடி அறை. மத்தியானம் மேனேஜர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். சாப்பிட்டது பத்தரைக்கு. வீட்டில் எல்லாரும் தூங்கியாயிற்று. 'இன்றைக்குப் பட்ட பாட்டுக்கு இது ஒன்றும் பெரிசில்லை' என்று தோன்றியது."

இன்னொன்று இப்படி:

"ஞாயிறு, பிற்பகல் 3. கட்டிலில். கூடப் படித்தவளின் ஸ்டேட்டஸில் புது வீட்டுப் பிரதிஷ்டைப் படங்கள். தலைவலி. 'நாம் மட்டும் எத்தனை வருஷம் இந்த வாடகை வீட்டில்.' சாயங்காலம் அவரிடம் எரிந்து விழுந்தேன்."

முதல் குறிப்பில் பாவம் காமமாக இருக்கலாம். ஆனால் வேர் மத்தியானம் வாங்கிய திட்டில் இருக்கிறது. கோபமும் தன்னிரக்கமும் உள்ளே கிடந்து, இரவு வேறு உருவத்தில் வெளியே வந்திருக்கிறது. இவர் இரவு முழுக்க காமத்தோடு போராடினாலும் பாதிப் பலன்தான். சாயங்காலமே அந்த மேனேஜர் விஷயத்தை யாரிடமாவது சொல்லியோ, ஜெபத்தில் கொட்டியோ தீர்த்திருந்தால் பதினொன்று நாற்பதின் வேகம் குறைந்திருக்கும். இரண்டாவதில் கோபம் கணவர்மேல் வந்தாலும் ஆரம்பம் போனில் இருந்த படம். நோட்டு இல்லாமல் இந்தத் தொடர்பு கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவரை, இந்த ஒரு படியைச் செய்யாமல் மற்ற எட்டையும் செய்கிறவர்கள்தான் ரொம்பச் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள்.

படி 2: உடம்பைக் கவனியுங்கள்

எலியா கர்மேல் பர்வதத்தில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிராகத் தனியாக நின்றவர். வானத்திலிருந்து அக்கினியை இறக்கினவர். அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே யேசபேல் ராணி அனுப்பின ஒரு செய்திக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறார் (1 இராஜாக்கள் 19). அப்போது வந்த தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவும் இல்லை. எழுந்திருந்து சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தது. எலியா சாப்பிட்டுக் குடித்து மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரமும் வந்து தட்டி எழுப்பி, மறுபடியும் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது அதற்கப்புறம்தான்.

நம்மில் பலர் "ஆவிக்குரிய பலவீனம்" என்று ஜெபக் குறிப்பு கொடுப்பதில் பாதி தூக்கமின்மை. இரவுப் பணி, விடிகாலை ஜெபம், நடுவில் குழந்தை, ஞாயிறு மூன்று ஆராதனை. ஊழியக் குடும்பங்களில் இது இன்னும் மோசம். கன்வென்ஷன் முடிந்த வாரம், முழு இரவு ஜெபம் முடிந்த மறுநாள், கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டு முடிந்த இரவு, இவையெல்லாம் ஆபத்தான நேரங்கள். மனசு உயரத்தில் இருந்து இறங்குகிறது, உடம்பு ஏற்கெனவே இறங்கிவிட்டது. அந்த நாட்களில் கூடுதலாக ஒரு ஜெபக் கூட்டம் வைப்பதைவிட நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குவது நல்லது.

ஒரு விஷயம் தனியாகச் சொல்லவேண்டும். பல வாரமாகத் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போனால் தேவலாம் என்று தோன்றுகிறது என்றால் அதைப் பாவ இழுப்பாகவோ விசுவாசக் குறைவாகவோ கணக்கெடுக்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416 தமிழிலும் கிடைக்கிறது. மாத்திரை சாப்பிடுவதால் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

படி 3: வறண்ட நாளில் தீர்மானத்தை மாற்றாதீர்கள்

ஜெபம் சுவரில் மோதித் திரும்புகிற நாட்கள் எல்லாருக்கும் உண்டு. 1521-இல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைக்க, படுக்கையில் கிடந்து மனம் மாறியவர் புனித இஞ்ஞாசியார். படுக்கையில் கிடந்தபடியே தன் மனதின் ஏற்ற இறக்கங்களைக் கவனித்தவர். அவர் பிற்பாடு எழுதிய விதிகளில் ஒன்று: மனம் வறண்டு இருண்டு கிடக்கும் காலத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது. சபை மாறுவது, ஊழியத்தை விடுவது, நிச்சயித்த திருமணத்தை உடைப்பது, காலை ஜெபத்தை நிறுத்துவது எதுவானாலும் மனம் தெளியட்டும், அப்புறம் பார்க்கலாம். நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரன். இந்த விதியைச் சொன்னவர் கத்தோலிக்கத் துறவி என்பதற்காக விட்டுவிட மனம் வரவில்லை.

அந்த நாட்களில் ஜெபத்தை நீட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். அரை மணி நேரம் முடியவில்லையா, பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொல்லுங்கள். அதில் "எங்களைச் சோதனைக்குட்படப் பண்ணாமல்" என்ற வரி இருக்கிறது. தினமும் சொல்லியும் நாம் கவனிக்காமல் கடந்துபோகிற வரி அது. குடும்ப ஜெபத்தில் ஒரு சங்கீதம், ஒரு கீர்த்தனை, இரண்டு நிமிட ஜெபம் போதும்.

படி 4: கதவை முன்கூட்டியே அடையுங்கள்

யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அதற்கு இரண்டு வசனம் முன்னால் உள்ளதை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். எஜமான் போத்திபாரின் மனைவி நித்தம் நித்தம் ஆசை காட்டிப் பேசினாள். அவனோ அவளோடு படுக்கவும் சம்மதிக்கவில்லை, "அவளுடனே இருக்கவும்" சம்மதிக்கவில்லை (ஆதியாகமம் 39:10). ஓடுவதற்கு முன்பே, கூட இருப்பதைத் தவிர்த்துக்கொண்டிருந்தான். ஓடினது, தவிர்க்க முடியாமல் போன அந்த ஒரு நாளில்.

தாவீதின் கதை இதற்கு நேர் எதிர். ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலத்தில் அவர் எருசலேமிலே தங்கிவிட்டார். சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்து அரமனை உப்பரிகைமேல் உலாவினார் (2 சாமுவேல் 11). வேலை இல்லை, துணை இல்லை, கேட்க ஆள் இல்லை. இன்னொருவன் மனைவியான பத்சேபாளைப் பார்த்து விழுவதற்கு முன்பே மூன்று கதவு திறந்துகிடந்தது.

உங்கள் நோட்டைத் திறந்து, கதவு எங்கே என்று பாருங்கள். அப்புறம் அடைப்பது பக்தியைவிட அதிகமாகத் தச்சு வேலை மாதிரியான காரியம். போன்தான் கதவு என்றால் இரவு பத்து மணிக்கு அது ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். அலாரத்துக்கு போன் வேண்டுமே என்பீர்கள். கடைத்தெருவில் மலிவாக ஒரு டைம்பீஸ் கிடைக்கும், வாங்குங்கள். ஐபோனில் ஸ்க்ரீன் டைம், ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற கட்டுப்பாடுகள் இருக்கின்றன. ஆனால் பூட்டின ஆளே சாவி வைத்திருந்தால் பிரயோசனமில்லை. பாஸ்கோடை மனைவியோ அண்ணனோ நண்பரோ போட்டு, அவர்களே வைத்திருக்கட்டும்.

பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம்தான் பலவீனம் என்றால், செயலியை நீக்குவதோடு நிறுத்தாதீர்கள். அது போய் இன்னொன்று வரும். சம்பளக் கணக்கில் யூபிஐயை நிறுத்திவிட்டு, செலவுக்கு மட்டும் தனிக் கணக்கில் கொஞ்சம் போட்டுவையுங்கள். குடி என்றால் வீட்டுக்கு வரும் வழியை மாற்றுங்கள், சம்பள நாளன்று யாரோடு வருகிறீர்கள் என்பதை மாற்றுங்கள். டாஸ்மாக் வாசலில் நின்று பரிசுத்த ஆவியானவரிடம் பெலன் கேட்பவருக்கு அவர் பெலன் தரமாட்டார் என்று சொல்லவரவில்லை. அடுத்த தெரு வழியாக நடக்கவும் அவர்தானே பெலன் தருகிறார்.

சபைப் பணத்தைக் கையாள்கிறவர்களுக்குப் பவுல் ஒரு முறை வைத்துப்போயிருக்கிறார். எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தை அவர் தனியாகக் கொண்டுபோகாமல், சபைகள் நம்பித் தெரிந்துகொண்ட ஆட்களைக் கூட அழைத்துக்கொண்டார். யாரும் தன்மேல் குற்றம் சொல்ல இடமிருக்கக்கூடாது என்பதே காரணம் (2 கொரிந்தியர் 8:19-21). காணிக்கைப் பையை வெஸ்ட்ரி என்கிற ஆலயப் பக்க அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்திடுவது அதனால்தான் நல்ல பழக்கம். "ஐயா நம்பிக்கையானவர், அவரே எண்ணட்டும்" என்று ஒருவரைத் தனியாக விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. அவசரக் கடனில் இருக்கும் ஒரு மாதத்தில் அந்த மரியாதையே அவரைக் கவிழ்க்கலாம்.

படி 5: உங்கள் சோதனைக்கு உரிய வசனத்தைக் கையில் வையுங்கள்

வனாந்தரத்தில் பிசாசு சோதித்தபோது இயேசு மூன்று தரமும் உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார், அதுவும் ஆறாம், எட்டாம் அதிகாரங்களிலிருந்து. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் பசித்துத் தவறின கதையைச் சொல்லும் பகுதி அது. தமக்கு நேரிட்ட சோதனைக்கு நேர் பொருத்தமான பகுதியை எடுத்திருக்கிறார். பிசாசும் சும்மா இல்லை. அவன் எடுத்தது சங்கீதம் 91. நம் வீட்டுக் கதவுகளில் ஒட்டியிருக்கிற அதே சங்கீதம்.

ஆகவே வருடப் பிறப்பன்று எடுத்த வாக்குத்தத்த அட்டை ஒன்றே எல்லாவற்றுக்கும் போதாது. எவாகிரியுஸ் அந்த எட்டு எண்ணங்களுக்கும் எதிராக, வேதத்திலிருந்து நூற்றுக்கணக்கான வசனங்களை எட்டுப் பகுதியாகத் தொகுத்து வைத்தார். எந்த எண்ணம் வந்தால் எதைத் திருப்பிச் சொல்வது என்று. நமக்கு அத்தனை வேண்டாம். நோட்டில் அடிக்கடி வரும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக ஒன்று. "இது ஒன்றும் பெரிசில்லை" என்றால் யாக்கோபு 1:15. "எனக்கு மட்டும்தான் இப்படி" என்றால் 1 கொரிந்தியர் 10:13. "இனி ஜெபிக்க முகமில்லை" என்றால் 1 யோவான் 1:9. மனப்பாடம் செய்யுங்கள். அந்த நேரத்தில் போனில் வேதாகமச் செயலியைத் திறந்து தேடிக்கொண்டிருக்க முடியாது, போனே பிரச்சினையாக இருக்கும்போது இன்னும் முடியாது.

படி 6: ஒருவரிடம் சொல்லுங்கள்

இதுதான் நம் சபைகளில் ரொம்பக் கஷ்டமான படி. சாட்சி சொல்ல நமக்கு மேடை உண்டு. பலவீனத்தைச் சொல்ல இடம் இல்லை. சொன்னால் அடுத்த வாரம் அது ஜெபக் குறிப்பாக ஊரைச் சுற்றும் என்ற பயம் நியாயமானது. "அந்தத் தம்பிக்காக ரொம்பப் பாரமா ஜெபிங்க, என்னன்னு கேக்காதீங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் போதும், மீதியை மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆனாலும் வேறு வழி இல்லை. தாவீது தன் பாவத்தை, நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டிக்கிறவரை, பிள்ளை பிறக்கும் காலம்வரை மூடி வைத்திருந்தார். "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" (சங்கீதம் 32:3) என்று மூடிவைத்தலின் வேதனையை எழுதினவரும் அவர்தான். இஞ்ஞாசியாரும் இதைக் குறிப்பிடுகிறார்: ஒரு வீட்டுப் பெண்ணை மயக்கப் பார்க்கிறவன், அவள் தகப்பனிடமோ கணவனிடமோ சொல்லிவிடுவாளோ என்றுதான் பயப்படுவான். பிசாசும் அப்படியே, இரகசியம் வெளிப்படுகிற இடத்தில் அவன் காரியம் கெட்டுவிடுகிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இல் சின்னச் சின்னக் குழுக்களுக்கு விதிமுறை எழுதினார். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக. வாரம் ஒருமுறை கூடி ஒவ்வொருவரையும் கேட்கவேண்டிய கேள்விகள்: போன முறை சந்தித்ததிலிருந்து தெரிந்து செய்த பாவம் என்ன? என்ன சோதனை வந்தது? அதிலிருந்து எப்படி விடுவிக்கப்பட்டீர்கள்? பாவமா இல்லையா என்று உங்களுக்கே சந்தேகமாக இருப்பது எது? இரண்டாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். விழுந்ததை மட்டும் கேட்காமல், வந்ததையும் கேட்கிறது. விழுவதற்கு முன்பே பேசப் பழக்குகிறது.

யாரைத் தெரிந்துகொள்வது? உங்கள் பாலினத்தவர். உங்கள் வேலையையோ சம்பளத்தையோ கையில் வைத்திராதவர். அதிர்ச்சி அடையாதவர். மற்றவர்களைப் பற்றி உங்களிடம் சொல்லாதவர், இது முக்கியமான அடையாளம். மற்றவர் இரகசியத்தை உங்களிடம் சொல்கிறவர் உங்களுடையதையும் வேறொருவரிடம் சொல்வார். போதகராக இருக்கலாம், ஆனால் போதகராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. போதகருக்கும் இப்படி ஒருவர் தேவை. அவருக்குத் தன் சபைக்குள் கிடைப்பது கஷ்டம், பக்கத்து ஊர் போதகரைப் பார்க்கட்டும்.

முதல் முறை சொல்வது எப்படி என்று தெரியாமல்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். இவ்வளவு போதும்: "அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு ராத்திரி போன்ல ஒரு பழக்கம் இருக்கு. ரெண்டு வருஷமா. யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், வெள்ளிக்கிழமை தோறும் எப்படி இருக்கேன்னு மட்டும் கேளுங்க." விவரமெல்லாம் சொல்லத் தேவையில்லை. கேட்பவரும் விவரம் கேட்காமல் இருப்பது நல்லது. கேட்டதும் அவர் அந்த இடத்திலேயே சத்தமாக ஜெபிக்க ஆரம்பிக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் இன்னும் நல்லது.

இங்கே ஒரு எல்லை. ஒருவர் உங்களைத் தொந்தரவு செய்கிறார், தொடுகிறார், மிரட்டுகிறார் என்றால் அது உங்களுக்கு வந்த சோதனை கிடையாது, அவர் செய்யும் குற்றம். அவர் சபையில் எந்தப் பொறுப்பில் இருந்தாலும் சரி. குழந்தைகள் சம்பந்தப்பட்டால் போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். அதை இரகசிய ஜெபக் குறிப்பாக வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098.

படி 7: அந்த நிமிடத்தில்

இவ்வளவும் செய்தும் வரும். வந்தால்:

எழுந்து நில்லுங்கள். படுத்தபடி போராட வேண்டாம்.

இடத்தை மாற்றுங்கள். அறையைவிட்டு ஹாலுக்கு, ஹாலைவிட்டு வாசலுக்கு. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தால் இன்னும் நல்லது.

வசனத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். நீண்ட ஜெபம் வேண்டாம். "இயேசுவே, இரங்கும்" என்றாலே ஜெபம்தான். மூழ்கும்போது பேதுரு சொன்னதும் இரண்டு மூன்று வார்த்தைதான்.

படி 6-இல் சொன்ன அந்த நபருக்கு ஒரு செய்தி. "இப்ப கஷ்டமா இருக்கு" என்று மட்டும்.

கையால் ஒரு வேலை. பாத்திரம் துலக்குங்கள், நாளைக்குத் துணி மடித்து வையுங்கள்.

அந்த எண்ணத்தோடு வாதம் பண்ணாதீர்கள். ஏவாள் சர்ப்பத்தோடு நின்று பேசினாள். பேச்சில் அவள் தோற்றது பதில் தெரியாததால் இல்லை, பதிலை அவள் சரியாகவே ஆரம்பித்தாள். பேச்சு நீண்டதுதான் வினை.

இழுப்பு அலையாக வரும், உச்சிக்குப் போகும், இறங்கும். உச்சியில் இருக்கும்போது இது ஒருக்காலும் இறங்காது என்றே தோன்றும். இறங்கும். பவுல் "தப்பிக்கொள்ளும்படியான போக்கு" என்று எழுதினாரே, அது பெரும்பாலும் ஒரு சாதாரண வாசற்கதவாகத்தான் இருக்கும்.

படி 8: விழுந்துவிட்டால்

அன்றைக்கே எழுந்திருங்கள். "எப்படியும் இந்த வாரம் கெட்டுப்போச்சு, திங்களிலிருந்து பார்ப்போம்" என்ற யோசனை, விழுந்த பாவத்தைவிட அதிகச் சேதம் செய்யும். ஒரு விழுகையை ஒரு வாரமாக நீட்டுவது அந்த வாக்கியம்தான்.

பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே இயேசு அவனிடம் சொன்னதைப் பாருங்கள்: "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" (லூக்கா 22:32). விழுகையும் தெரியும், திரும்பி வருவதும் தெரியும், அதற்கு அப்புறம் உள்ள வேலையும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. பேதுரு அழுதான், ஆனால் மற்றச் சீஷர்களோடுதான் இருந்தான். யூதாஸ் தனியாகப் போனான்.

அறிக்கை பண்ணும்போது பெயரைச் சொல்லி அறிக்கை பண்ணுங்கள். "ஆண்டவரே, நான் பலவீனன்" என்று பொதுவாகச் சொல்வது சுலபம். "இன்றைக்கு அம்மாவிடம் பொய் சொன்னேன்" என்பது கஷ்டம், ஆனால் அதுதான் அறிக்கை. யாரிடமாவது பணம் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். நம்மில் பலர் அசலைக்கூடக் கொடுக்காமல் "ஆண்டவர் மன்னித்துவிட்டார்" என்று சாட்சி சொல்கிறோம். ஒருவர் பெயரைக் கெடுத்திருந்தால், யாரிடம் கெடுத்தோமோ அவரிடமே போய்த் திருத்தவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். திருவிருந்தில் பங்குபெறலாமா என்ற கேள்வி இருந்தால் போதகரிடம் முன்கூட்டிப் பேசுங்கள், நீங்களாகவே பின்வரிசையில் ஒளிந்துகொள்ள வேண்டாம். அப்புறம் நோட்டை எடுத்து எழுதுங்கள்: நேரம், இடம், முன் நடந்தது. விழுந்ததிலும் ஒரு தகவல் இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள்.

விட்டுவிட நிஜமாகவே முயன்று, மறுபடி மறுபடி அதே இடத்தில் விழுகிறீர்கள், விட்டால் கை நடுங்குகிறது, கடன் ஏறுகிறது, வேலை போகிறது என்றால் அது பழக்கம் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. குடிக்கும் போதைக்கும் சிகிச்சை இருக்கிறது. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980-லிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. அரசு மருத்துவமனைகளிலும் போதை மறுவாழ்வுப் பிரிவுகள் உண்டு. அதிகம் குடித்துப் பழகியவர் திடீரென்று தானாக நிறுத்துவது உடம்புக்கே ஆபத்து, டாக்டர் மேற்பார்வை வேண்டும். உபவாச ஜெபத்தில் உட்காரவைத்து நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால், ஜெபத்துக்கு ஆமென் சொல்லிவிட்டு டாக்டரிடமும் போங்கள்.

படி 9: ஜெயித்த பிறகு

வனாந்தரச் சோதனையை முடித்துவிட்டு லூக்கா ஒரு வார்த்தை சேர்க்கிறார்: பிசாசானவன் "சிலகாலம்" அவரைவிட்டு விலகிப்போனான் (லூக்கா 4:13). ஆண்டவருக்கே சிலகாலம்தான் என்றால் நமக்கு எவ்வளவு என்று யோசியுங்கள். மூன்று மாதம் நன்றாகப் போனதும் போன் மறுபடி படுக்கையறைக்குள் வந்துவிடும், வெள்ளிக்கிழமைப் பேச்சு நின்றுவிடும். கதவுகளைத் திறப்பதாக இருந்தால் அந்த நண்பரிடம் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் திறங்கள்.

எவாகிரியுஸின் பட்டியலில் வீண்பெருமை ஏழாவது, அகந்தை எட்டாவது. வீண்பெருமையிலிருந்து தப்புவது கஷ்டம் என்கிறார். அதை ஒழிக்க நாம் செய்கிற காரியமே அதற்குப் புதிய தீனியாகிவிடுமாம். உபவாசம் இருந்தேன் என்பது, தாழ்மையாக இருக்கிறேன் என்பது, ஏன், என் பலவீனத்தை மறைக்காமல் சொல்கிறேன் என்பதும்கூட.

ஆகவே யாராவது உங்களைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். குறைந்தது ஒரு வருடம் போகட்டும். அதற்கப்புறமும், உங்களை வெள்ளிக்கிழமை தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறாரே, அவர் சரி என்று சொன்னால் போங்கள். போனால், விழுந்த விவரத்தை ஒரு வரியிலும், உங்களுக்குக் காது கொடுத்த மனிதரைப் பற்றி நாலு வரியிலும் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தில் துண்டுச் சீட்டு எழுதின பையன் எங்காவது உட்கார்ந்திருப்பான். பேசிவிட்டு இறங்கினதும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் வாசலில் நில்லுங்கள்.